அப்பா உயில்ல என் பேரே இல்ல, கேஸ் போட முடியுமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தல் பிரிச்ச பிறகுதான் நெறைய வீட்டுல உயிலே வெளிய வரும். அதுவரைக்கும் யாரும் வாய் திறந்திருக்க மாட்டாங்க, அப்புறம் திடீர்னு அண்ணனோ தம்பியோ ஒரு ஜெராக்ஸ நீட்டி "அப்பா எல்லாத்தையும் எனக்கு எழுதிட்டார்"னு சொல்லுவாங்க. நான் சிவில் கேஸ் பாக்குற வக்கீல், இப்படி ஜெராக்ஸோட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பொண்ணுங்க, அவங்க கேக்குற கேள்வி ஏறக்குறைய ஒண்ணுதான், அதான் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு சொத்து, இந்துக் குடும்பம்னு வச்சு எழுதிருக்கேன், முஸ்லிம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு தனியா ஒரு கேள்வி கீழ இருக்கு.

என்னை விட்டுட்டு எழுதிட்டார், அது அநியாயம், அத வச்சே உயில ரத்து பண்ண முடியுமா?

முடியாது. கசப்பா இருந்தாலும் இத முதல்லயே சொல்லிடறேன். அவரோட சொந்த சொத்தா இருந்தா யாருக்கு வேணா எழுதலாம், பெத்த புள்ளைய விட்டுட்டு கோயிலுக்கு எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதலாம். வாரிசுக்கு இயல்பா போறத மாத்துறதுக்குத்தான் உயிலே எழுதுறாங்க, அதனால வாரிச ஒதுக்கினது மட்டும் ஒரு குறை ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லிருக்கு.

ஆனா இதக் கேட்டதும் எழுந்து போயிடாதீங்க. நீங்க கோர்ட்டுல கேக்க வேண்டியது "இது நியாயமா"ன்னு இல்ல, வேற ரெண்டு கேள்வி. எழுதின சொத்து முழுசா அவருக்கு எழுத உரிமை உள்ளதா? அந்த உயில வச்சிருக்கிறவர் அத சட்டப்படி நிரூபிக்க முடியுமா? இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணுல நெறைய உயில் விழுந்துடும். "உயில் இருக்கு"ன்னு சொன்னதுமே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நம்பி வீட்டுக்குப் போன பொண்ணுங்கள நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

எழுத உரிமை இருக்கான்னா என்ன அர்த்தம்? அவர் பேர்லதான பட்டா இருக்கு?

பட்டா வரி கட்டுறதுக்கான கணக்கு, அது மட்டும் உரிமைய முடிவு பண்ணாது. மூலப்பத்திரத்தப் பாருங்க. அப்பா சம்பாதிச்சு கிரயம் வாங்கினதா, அவங்க அப்பா வழியா வந்ததா, பாகப்பிரிவினைல வந்ததா, அம்மா நகைய வித்து வாங்கினதா, அம்மா பேர்லயே இருக்கிறதான்னு ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியா பாக்கணும். அம்மா பேர்ல உள்ள வீட்ட அப்பா உயில்ல எழுதிருந்தா அந்த வரிக்கு மதிப்பே இல்ல, இப்படி எழுதுறது நீங்க நினைக்கிறத விட அதிகம்.

பூர்வீக கூட்டுக் குடும்ப சொத்துன்னா அதுல அப்பாவுக்கு இருக்கிற பங்க மட்டும்தான் உயில் எழுத முடியும், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 30-வது பிரிவு அந்த உரிமைய கொடுக்குது, அதுக்கு மேல கொடுக்கல. உதாரணத்துக்கு 3 ஏக்கர் பூர்வீக நிலம், அப்பா, ஒரு பையன், ஒரு பொண்ணு. ஆளுக்கு ஒரு ஏக்கர். அப்பா 3 ஏக்கரையும் பையனுக்கு எழுதி, அந்த உயில் நூத்துக்கு நூறு உண்மையாவே இருந்தாலும், அது அப்பாவோட ஒரு ஏக்கர மட்டும்தான் கொண்டு போகும். பொண்ணோட ஒரு ஏக்கர் பொண்ணோடதுதான், அத எழுத அப்பாவுக்கு அதிகாரமே கிடையாது.

பாட்டன் சொத்து பேரனுக்குன்னு சொல்றாங்களே, அப்ப தாத்தாகிட்ட இருந்து வந்தது எல்லாமே பூர்வீகம்தானே?

இல்ல, இங்கதான் நெறைய பேர் தடுக்கி விழுறாங்க, சில நேரம் ஊர்ப் பெரியவங்களும் தப்பா சொல்லிக் கொடுக்குறாங்க. தாத்தா தன் சொந்த சம்பாத்தியத்துல வாங்கி, 1956-க்கு அப்புறம் உயில் எழுதாம இறந்து, அது உங்க அப்பாவுக்கு வாரிசா வந்திருந்தா, அது அப்பாவோட தனிச்சொத்து. 1986-ல சந்தர் சென் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லிருச்சு. அந்த சொத்துல பேரன் பேத்திக்கு பிறப்பால பங்கு கிடையாது, அப்பா அத உயில் எழுதலாம். தாத்தா உயிலோ செட்டில்மெண்டோ எழுதி அப்பாவுக்கு கொடுத்திருந்தா அந்தப் பத்திரத்துல என்ன எழுதிருக்குன்னு பாக்கணும், பல நேரம் அதுவும் தனிச்சொத்துதான். தலைமுறையா பிரிக்காம வந்த நிலம், இல்ல 1956-க்கு முன்னாடியே தாத்தா இறந்து அப்பா கைக்கு வந்த நிலம்னா கதை வேற. அதனால தாத்தா எப்ப இறந்தார்ங்கிறது சின்ன விஷயம் இல்ல, அவர் இறப்புச் சான்றிதழ தேடி எடுங்க.

எனக்கு 1985-லயே கல்யாணம் ஆயிடுச்சு, பூர்வீகத்துல எனக்கு பங்கு உண்டா?

உண்டு. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-ல வந்த திருத்தம் அன்னிக்கு கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மட்டும்தான் பங்கு கொடுத்துச்சு, அத மனசுல வச்சுத்தான் இன்னிக்கும் "உனக்குத்தான் அப்பவே கல்யாணம் ஆயிடுச்சே"ன்னு சொல்லுவாங்க. ஆனா 2005 செப்டம்பர் 9-ல வந்த மத்திய சட்டத் திருத்தம் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு பாக்கல. 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல, 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்ங்கிற அவசியமும் இல்ல, பொண்ணுக்கு பிறப்பாலயே உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் தீர்த்து சொல்லிருச்சு. முக்கியமான தடை ஒண்ணு இருக்கு, 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பதிவு பண்ணின பாகப்பிரிவினையோ விற்பனையோ கோர்ட் டிகிரியோ (தீர்ப்பாணை) இருந்தா அத இப்ப கிளற முடியாது.

உயில் காப்பியே கண்ணுல காட்ட மாட்டேங்கிறாங்க. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், அதுலயும் இல்ல.

வில்லங்கத்துல உயில் வராது, அது வேற புத்தகத்துல பதிவாகுது, சார்பதிவாளர் ஆபீஸ்ல 3-ம் புத்தகம்னு சொல்லுவாங்க. எழுதினவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அவருக்கும் அவர் ஏஜெண்ட்டுக்கும் மட்டும்தான் நகல் கொடுப்பாங்க, இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கணும், பதிவுச் சட்டம் 57-வது பிரிவு. இறப்புச் சான்றிதழோட மனு போடுங்க. எந்த ஆபீஸ்ல பதிவாச்சுன்னு தெரியலன்னா அப்பா குடியிருந்த ஊர், சொத்து இருக்கிற ஊர், அண்ணன் குடியிருக்கிற ஊர்னு மூணு எடத்துலயும் தேடச் சொல்லுங்க.

நகல் வந்ததும் பதிவுத் தேதிய பாருங்க. உயில எழுதினவர் இறந்த பிறகும் பதிவு பண்ண சட்டத்துல வழி இருக்கு. அப்படி பண்ணிட்டு "ரிஜிஸ்டர் உயில்"னு காட்டுவாங்க, அதுல அப்பா சார்பதிவாளர் முன்னாடி வந்திருக்கவே மாட்டார்.

சரி, அப்பா நேர்ல போயே பதிவு பண்ணிருக்கார். ரிஜிஸ்டர் ஆன உயில அசைக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

அசைக்கலாம். உயில பதிவு பண்ணனும்னு கட்டாயமே இல்ல, அதுக்கு முத்திரைக் கட்டணமும் இல்ல, வெள்ளைத் தாள்ல எழுதினாலும் செல்லும். அதே மாதிரி பதிவு பண்ணிட்டதால மட்டும் உயில் நிரூபணம் ஆகிடாது. பதிவு ஒரு சாதகமான அம்சம், அவ்வளவுதான், சந்தேகம் இருந்தா அத பதிவு தொடச்சிடாது.

அப்ப எப்படித்தான் நிரூபிப்பாங்க? நான்தான் பொய்னு காட்டணுமா?

இதத்தான் எல்லாரும் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. உயில வச்சு சொத்து கேக்குறவர்தான் அத நிரூபிக்கணும். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவு குறைஞ்சது ரெண்டு சாட்சி கேக்குது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அங்க இருக்கணும்னு இல்ல, ஆனா ஒவ்வொரு சாட்சியும் எழுதினவர் கையெழுத்து போட்டத பார்த்திருக்கணும், இல்ல "இது என் கையெழுத்து"ன்னு அவரே சொல்லக் கேட்டிருக்கணும், அப்புறம் அவர் கண்ணு முன்னாடி தானும் கையெழுத்து போட்டிருக்கணும். கேஸ்ல அந்த சாட்சிகள்ல ஒருத்தராவது கூண்டுல ஏறி இத சொல்லணும், பழைய சாட்சியச் சட்டத்துல 68-வது பிரிவு, 2024 ஜூலைல வந்த புது சட்டத்துல 67.

கூண்டுல ஏறின சாட்சி "அப்பா போட்டார், நானும் போட்டேன்"னு மட்டும் சொல்லிட்டு இன்னொரு சாட்சி எப்படி போட்டார்னு சொல்லாம விட்டா, உயில் அங்கயே தடுமாறும். 2002 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் இந்தக் குறைக்காகவே ஒரு உயில ஏத்துக்கல. பத்திரம் எழுதிக் கொடுத்த எழுத்தர சாட்சியா காட்டுவாங்க, எழுத்தர்ங்கிற முறைல மட்டும் கையெழுத்து போட்டவர் சட்டப்படி சாட்சி ஆக மாட்டார். ரெண்டு சாட்சியும் இறந்துட்டா, இல்ல கண்டுபிடிக்கவே முடியலன்னா, சாட்சி ஒருத்தர் கையெழுத்தையாவது எழுதினவர் கையெழுத்தையும் அடையாளம் காட்டி நிரூபிக்க தனி வழி இருக்கு. முப்பது வருஷப் பழைய பத்திரம்னா தானா உண்மைன்னு எடுத்துக்குற சலுகை உயிலுக்கு கிடையாது.

சந்தேகமான உயில்னு கோர்ட் எதச் சொல்லும்?

1958-ல வெங்கடாசல ஐயங்கார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் இன்னிக்கும் அடித்தளம், எழுதினவர் உயிரோட வந்து பேச முடியாது, அதனால சந்தேகமான சூழ்நிலை இருந்தா அத உயில நீட்டுறவர்தான் விளக்கி தீர்க்கணும்னு. என்னென்ன சூழ்நிலைன்னு ஒரு முடிஞ்ச பட்டியல் கிடையாது, நடைமுறைல நான் பாக்குறத சொல்றேன்.

பலன் அடையுற மகனே வண்டி பிடிச்சு கூட்டிட்டுப் போய், எழுத்தருக்கு அவரே காசு கொடுத்து, சாட்சி ரெண்டு பேரும் அவரோட மச்சானும் கூட்டாளியுமா இருக்கிறது. எப்பவும் தமிழ்ல கையெழுத்து போடுற மனுஷன் அன்னிக்கு மட்டும் கைநாட்டு வச்சிருக்கிறது. முதல் பக்கங்கள்ல ஒரு மை, கையெழுத்து இருக்கிற கடைசி பக்கத்துல வேற மை, வரி இடைவெளி நெருக்கிப் போட்டு கையெழுத்துக்கு மேல அடங்க வச்சது. இது வெத்துத் தாள்ல வாங்கின கையெழுத்தோன்னு கேக்க வைக்கும். இறக்குறதுக்கு நாலு நாள் முன்னாடி தேதி. அப்பா இறந்து பல வருஷம் உயில்னு ஒண்ணு இருக்கிறதா யாருமே சொல்லாம, நீங்க பங்கு கேட்டு நோட்டீஸ் விட்ட பிறகு திடீர்னு முளைக்கிறது. வாரிசு சான்றிதழ் வாங்கும்போதும் பேங்க்ல பணம் எடுக்கும்போதும் உங்களையும் சேர்த்து கையெழுத்து வாங்கிட்டு இப்ப உயில் நீட்டுறது.

அப்புறம் முக்கியமா, உயில்ல உங்களப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லாம இருக்கிறது. "என் மகளுக்கு கல்யாணத்துக்கு வேண்டியத செஞ்சுட்டேன், அதனால இதுல பங்கு இல்ல"ன்னு காரணம் எழுதிருந்தா அந்த உயில உடைக்கிறது கஷ்டம். பொண்ணு, மனைவி இருக்கிறதையே சொல்லாம விட்டிருந்தா, அது அவரா யோசிச்சு எழுதினதான்னு கேள்வி வரும். 2025-ல பஞ்சாப்ல இருந்து வந்த ஒரு வழக்குல, கூடவே வாழ்ந்த மனைவியப் பத்தி எதுவுமே சொல்லாத உயில சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல, அதுவும் மத்த சூழ்நிலைகளோட சேர்த்துப் பாத்துத்தான். ஒத்தக் குறைய மட்டும் வச்சு ஜெயிக்கிறது அபூர்வம், மூணு நாலு சேரும்போதுதான் எடை வருது.

அப்பாவுக்கு ஞாபக மறதி இருந்துச்சு, கடைசில ஆஸ்பத்திரிலயே கிடந்தார். அத எப்படி காட்டுறது?

வயசாயிடுச்சு, படுக்கைல இருந்தார்ங்கிறது மட்டும் போதாது, எழுதுற நேரத்துல தான் என்ன செய்றோம்னு அவருக்கு தெரியாம இருந்துச்சான்னுதான் பாப்பாங்க. அதனால பேச்ச விட பேப்பர் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மாத்திரை சீட்டு, ஐசியூல இருந்த தேதி எல்லாத்தையும் உடனே எடுங்க. உயில் தேதியும் அட்மிஷன் தேதியும் மோதுதான்னு பாருங்க, பதிவு ஆன நாள்ல அவர் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருந்தார்னு ரெக்கார்ட் காட்டினா அதவிட பெரிய ஆதாரம் வேற வேண்டாம். கையெழுத்து ஒப்பிட அதே காலகட்டத்துல அவர் போட்ட செக், பென்ஷன் படிவம், கூட்டுறவு சங்க ரசீது மாதிரி ஒரிஜினல்கள் வேணும். பழைய கோரிக்கைக் கடிதம் ஒண்ணு பீரோல இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க.

அண்ணன் மிரட்டி எழுதி வாங்கிட்டான்னு சொன்னா?

மிரட்டி, ஏமாத்தி, நச்சரிச்சு வாங்கின உயில் அதே 1925 வாரிசுரிமைச் சட்டம் 61-வது பிரிவுப்படி செல்லாது. ஆனா இத சொல்றவங்கதான், அதாவது நீங்கதான், நிரூபிக்கணும், எந்த நாள் எப்படின்னு விவரமா எழுதணும். ஆதாரம் இல்லாம கோபத்துல இத பிளெய்ண்ட்ல (வழக்கு மனுவுல) எழுதி வச்சா, "அப்ப கையெழுத்து அப்பாவோடதுன்னு ஒத்துக்கிறீங்க"ன்னு எதிர் வக்கீல் பிடிச்சுக்குவார். கையெழுத்தே பொய்யின்னும் மிரட்டி வாங்கினதுன்னும் ரெண்டையும் அள்ளிப் போட்டு ரெண்டும் நிக்காமப் போன கேஸ் இருக்கு, எது உண்மையோ அத மட்டும் சொல்லுங்க.

எங்க வீட்டுல காட்டினது உயில் இல்ல, செட்டில்மெண்ட் பத்திரம். அதுக்கும் இதேதானா?

இல்ல. செட்டில்மெண்ட் எழுதின அன்னிக்கே சொத்து கைமாறிடுது, உயில் இறந்த பிறகுதான் அமலுக்கு வருது, உயில கடைசி வரைக்கும் மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும். செட்டில்மெண்ட உடைக்கிற வழியும் கெடுவும் வேற, தலைப்ப மட்டும் பாத்து ஏமாறாம உள்ள என்ன எழுதிருக்குன்னு வக்கீல்கிட்ட காட்டுங்க.

என்ன கேஸ் போடணும், எங்க?

பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்கு, சொத்து இருக்கிற ஊர் சிவில் கோர்ட்டுல. நீங்க வாரிசுன்னு பங்கு கேப்பீங்க, எதிர்த்தரப்பு உயில காட்டும், அப்ப அத நிரூபிக்கிற சுமை அவங்க தலைல போகும். சொத்துல நீங்களும் கூட்டா அனுபவத்துல இருந்தா கோர்ட் கட்டணம் ஒரு சின்ன நிலையான தொகைதான், உங்கள முழுசா வெளிய தள்ளிட்டாங்கன்னா உங்க பங்கோட மதிப்புல 3 சதவீதம் வரைக்கும் போகும். பிளெய்ண்ட்ல ஒரு வாக்கியம் எப்படி எழுதுறோம்ங்கிறதுல இது மாறும், அதனால வக்கீல்கிட்ட இத முதல்லயே கேளுங்க.

சென்னை சொத்துக்கு நெடுங்காலமா ப்ரோபேட் (உயில் உண்மைன்னு கோர்ட் கொடுக்கிற சான்று) கட்டாயமா இருந்ததால அங்க அண்ணனே ஹைகோர்ட்ல ப்ரோபேட் மனு போட்டிருக்கலாம். உங்களுக்கு நோட்டீஸ் வந்தா கிழிச்சுப் போடாம கேவியட் (ஆட்சேபணை மனு) போடுங்க, போட்டதும் அண்ணன் மனு டிஓஎஸ்னு சொல்ற முழு உயில் வழக்கா மாறி சாட்சி விசாரணைக்குப் போகும். ஒரு விஷயம், ப்ரோபேட் கோர்ட் உயில் உண்மையான்னு மட்டும்தான் பாக்கும், சொத்து பூர்வீகமாங்கிறத அங்க பேச முடியாது, அதுக்கு தனி சிவில் வழக்குதான். தெரியாமலே ப்ரோபேட் ஆகிப் போயிருந்தா அத ரத்து பண்ணவும் அதே 1925 சட்டத்தோட 263-வது பிரிவுல வழி இருக்கு, ஆனா அதுக்கு மூணு வருஷக் கெடுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

எவ்வளவு நாளுக்குள்ள போடணும்?

கூட்டுக் குடும்ப சொத்துல இருந்து உங்கள ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து 12 வருஷம். உயில் செல்லாதுன்னு விளம்புகை (கோர்ட் அறிவிப்பு) மட்டும் கேட்டா 3 வருஷம். ஆனா கெடு இருக்குன்னு உக்காந்திருக்காதீங்க, ஆஸ்பத்திரி ரெக்கார்ட அழிச்சிடுவாங்க, உங்களுக்காக உண்மைய சொல்லக்கூடிய சித்தப்பாவுக்கும் வயசாகுது.

பட்டாவ அவர் பேருக்கு மாத்திட்டார், விக்கப் போறார்னு கேள்விப்பட்டேன்.

மாத்துறதுக்கு முன்னாடி தெரிஞ்சா தாசில்தாருக்கு எழுத்துல ஆட்சேபணை கொடுத்து ஒப்புகை வாங்குங்க. மாத்திட்டாலும் பயப்படாதீங்க, உரிமைய சிவில் கோர்ட்தான் முடிவு பண்ணும். கேஸ் போடும்போதே விக்கக்கூடாதுன்னு இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) கேளுங்க. கேஸ் நடக்கும்போது யாராவது வாங்கினா, தீர்ப்பு அவரையும் கட்டும்.

எல்ஐசிலயும் பேங்க்லயும் அண்ணன் நாமினி.

நாமினி பணத்த வாங்கி வைக்கிறவர், சாதாரணமா அவர் முதலாளி ஆகிட மாட்டார். உங்க பங்கு கேக்கலாம். ஆனா எல்ஐசில 2015-க்கு அப்புறம் முதிர்ற பாலிசில மனைவி, புள்ள, பெத்தவங்க நாமினியா இருந்தா சட்டம் வேற மாதிரி, பாலிசிய வக்கீல்கிட்ட காட்டுங்க.

நாங்க முஸ்லிம். நாங்க கிறிஸ்தவங்க.

முஸ்லிம் ஒருத்தர் கடன், அடக்கச் செலவு போக மிச்சத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுதினா மத்த வாரிசுங்க சம்மதம் வேணும். இங்க பெரும்பாலானவங்க சுன்னி, அவங்கள்ல வாரிசு ஒருத்தருக்கே எழுதினா அந்த மூணுல ஒண்ணுக்குள்ள இருந்தாலும் மத்தவங்க சம்மதம் இல்லாம செல்லாது. அதனால "எல்லாத்தையும் ஒரு மகனுக்கு"ன்னு எழுதின உயில் உங்க சம்மதம் இல்லாம நிக்காது.

கிறிஸ்தவங்களுக்கு அப்படி எந்த உச்சவரம்பும் இல்ல, பூர்வீக பங்குங்கிற பேச்சும் இல்ல, அதனால உயில் நிரூபணத்துலதான் முழு சண்டையும். ஒரு நல்ல பிடி இருக்கு, உயில்ல பலன் அடையுறவரோ அவர் மனைவியோ புருஷனோ சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தா அவருக்கு எழுதின பகுதி செல்லாது, 1925 வாரிசுரிமைச் சட்டம் 67-வது பிரிவு. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அங்க அது சந்தேகத்துக்கு ஒரு காரணம் மட்டும்தான்.

உயில் உண்மைதான்னு எனக்கே தெரியும், சொந்த சொத்துதான். ஆனா நான் விதவை, அப்பா வீட்டுலதான் இருக்கேன். ஒண்ணுமே இல்லையா?

இருக்கு, இத பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. 1956 இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 22-வது பிரிவுப்படி, இறந்தவர நம்பி இருந்தவங்களுக்கு சொத்துல பங்கு வரலன்னா, சொத்த வாங்கினவர் அந்த சொத்துல இருந்து ஜீவனாம்சம் கொடுக்கணும். மனைவி, மைனர் புள்ளைங்க, கல்யாணம் ஆகாத பொண்ணு, தன்னைத் தானே காப்பாத்திக்க வழி இல்லாத விதவைப் பொண்ணு, விதவை மருமக எல்லாம் இதுல வருவாங்க. உயில் இருந்தாலும் இந்தக் கடமை போகாது.

அண்ணன் ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்குறார், "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு. போடலாமா?

படிக்காம போடவே போடாதீங்க. உயில் அவ்வளவு உறுதியா இருந்தா உங்க கையெழுத்து அவருக்கு எதுக்கு? கேக்குறார்னாலே உயில் மேல அவருக்கே நம்பிக்கை இல்லன்னு ஒரு அடையாளம். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம், அதாவது உங்க பங்க விட்டுக் கொடுக்கிற பத்திரம், பதிவு பண்ணிட்டா திரும்ப எடுக்கிறது ரொம்ப சிரமம். "பொறந்த வீடு வேணுமா சொத்து வேணுமா"ன்னு கேப்பாங்க, தீபாவளி சீர் வராதுன்னு சொல்லுவாங்க, அம்மா அழுவாங்க. அந்த நேரத்துல "வீட்டுக்காரர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் காட்டிட்டு வரேன்"னு சொல்லி ஒரு ஜெராக்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. மனசாரவே அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கணும்னு தோணினா அது உங்க இஷ்டம், என்ன விட்டுக் கொடுக்கிறீங்கன்னு தெரிஞ்சு கொடுங்க.

கேஸ் நடத்த காசு இல்ல, வருஷக்கணக்கா இழுக்கும்னும் பயமா இருக்கு.

இழுக்கும், அத மறைக்க மாட்டேன். ஆனா மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் கொடுக்கணும், 1987 சட்டத்தோட 12-வது பிரிவு. ஆதார், இறப்புச் சான்றிதழ், உயில் நகல், பத்திர நகல் எடுத்துட்டு நேரா போங்க. கேஸ் போட்ட பிறகு சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேக்கலாம், சென்னை ஹைகோர்ட்ல 2005-ல ஆரம்பிச்சது இப்ப மாவட்டங்கள்லயும் இருக்கு. சாட்சிய குறுக்கு விசாரணை பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பேச்சுக்கு இறங்கி வர்ற அண்ணன் தம்பிங்க நெறைய. லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) முடிஞ்சா கட்டின கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பேச்சுல ஒத்துக்கிட்டத மட்டும் வாய் வார்த்தையா விடாம, எந்த சர்வே நம்பர்ல எத்தனை சென்ட், வழி எந்தப் பக்கம், கிணத்துல தண்ணி முறை எப்படின்னு எழுதி, கோர்ட் ஆர்டரா வாங்கிட்டு, அந்த ஆர்டர சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணனுமான்னும் வக்கீல்கிட்ட கேட்டு முடிச்சிடுங்க.